கிராக் சாஃப்ட்வேர், பில் இல்லாத லேப்டாப்... கடைக்கு சிஸ்டம் வாங்கும்போது உண்மையில் எவ்வளவு இழக்கிறோம்?

மாசம் 20-ஆம் தேதி. ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் பண்ண கடைசி நாள். காலையில் கடையைத் திறந்து சிஸ்டத்தை ஆன் பண்றீங்க. கணக்கு சாஃப்ட்வேர் திறக்கவில்லை. ஃபோல்டருக்குள் போய்ப் பார்த்தால் எல்லா ஃபைல் பேரும் மாறிக் கிடக்கு. கூடவே ஒரு குறிப்பு: "உங்க டேட்டா வேணும்னா பணம் கட்டுங்க."

சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவருக்கு போன் போடுறீங்க. "அண்ணே, அது கிராக் வெர்ஷன்தானே, நான் என்ன பண்ண முடியும்? ஃபார்மட் அடிச்சுத் தரேன்" என்கிறார்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனா மளிகைக் கடை முதல் பிரிண்டிங் பிரஸ் வரை, கம்ப்யூட்டரை நம்பித் தொழில் நடத்துற யாருக்கும் இது நடக்கலாம். அப்படி நடக்கிற அன்னிக்கு எழும் முதல் கேள்வி "எவ்வளவு கொடுத்து வாங்கினோம்?" இல்லை. "இதுக்கு யார் பொறுப்பு?" என்பதுதான். அந்தக் கேள்வியை வாங்கும்போதே கேட்பது எப்படி? விரிவாகப் பார்ப்போம்.

ஏன் இப்போ இதைப் பேசணும்?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. ஆபிஸ் 2016, ஆபிஸ் 2019 ஆகியவற்றுக்கும் அதே நாள்தான் கடைசி. நிறுவனங்கள் தனியாகப் பணம் கட்டி அதிகபட்சம் 3 வருஷம் வரை அப்டேட் வாங்கலாம். ஆனா அது தற்காலிக ஏற்பாடுதான்.

விண்டோஸ் 11-க்கு மாறலாம்னா, பழைய சிஸ்டம் எல்லாத்திலும் அது ஓடாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். இன்டெல் பிராசஸராக இருந்தால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும்.

அதனால் பல சின்ன நிறுவனங்கள் சிஸ்டம் மாற்ற வேண்டிய கட்டாயத்தில் இருக்கின்றன. எங்கே தேவை கூடுதோ, அங்கே "குறைஞ்ச விலைக்கு முடிச்சுத் தரேன்" என்று சொல்பவர்களும் கூடுவார்கள்.

"பில் வேணாம்னா குறைச்சுத் தரேன்": இதில் யாருக்கு லாபம்?

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருந்து உங்க ஊர் பஸ் ஸ்டாண்ட் கடை வரைக்கும் கேட்கிற வசனம் இது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

லேப்டாப் விலை 50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீத ஜிஎஸ்டி 9,000 ரூபாய். மொத்தம் 59,000. "பில் இல்லாம 52,000-க்குத் தரேன்" என்கிறார் கடைக்காரர். 7,000 ரூபாய் மிச்சம் மாதிரி தெரியுது இல்லையா?

ஆனா நீங்க வழக்கமான ஜிஎஸ்டி பதிவு உள்ளவராக இருந்து, தொழிலுக்காக அந்த லேப்டாப்பை வாங்கினால், அந்த 9,000 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, நீங்க கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும். அப்படின்னா பில்லோடு வாங்கினால் உண்மையான செலவு 50,000 ரூபாய்தான். பில் இல்லாமல் வாங்கினால் 52,000. அதாவது குறைச்சுக் கொடுத்ததாகச் சொல்லும் இடத்தில் நீங்க 2,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கீங்க!

இதோடு முடியவில்லை. பில் இல்லாத பொருளுக்கு வருமான வரிக் கணக்கில் தேய்மானம் காட்டுவது சிக்கல். வாரண்டி கேட்பது சிக்கல். திருட்டுப் பொருள் என்று யாராவது தேடி வந்தால், விலை கொடுத்துத்தான் வாங்கினேன் என்று நிரூபிப்பதும் சிக்கல்.

பில் வாங்கினாலும் இரண்டு விஷயம் பார்க்கணும். ஒண்ணு, பில்லில் உங்க ஜிஎஸ்டி எண் இருக்கணும். இன்னொண்ணு, விற்றவர் அந்த பில்லைத் தன் கணக்கில் ஏற்றி, அது உங்க ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் வரணும். வந்தால்தான் வரவு எடுக்க முடியும். கடைக்காரர் கொடுக்கும் ஜிஎஸ்டி எண் உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்பதை ஜிஎஸ்டி தளத்தில் லாகின் பண்ணாமலேயே பார்க்கலாம். ஒரு நிமிஷ வேலை.

காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறவர்களுக்கு இந்த வரி வரவு கிடையாது. ஆனா வாரண்டிக்கும் புகாருக்கும் அவர்களுக்கும் பில்தான் ஆதாரம்.

கிராக் சாஃப்ட்வேர்: கதவைத் திறந்து விடுவது யார்?

கிராக் போடும்போது முதலில் சொல்லப்படும் அறிவுரை என்ன? "ஆன்டி வைரஸை ஆஃப் பண்ணிடுங்க." ஆழம் தெரியாம காலை விடுவது என்பது இதுதான். வீட்டு நாயைக் கட்டிப் போட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருத்தரை உள்ளே விடுற மாதிரி.

விண்டோஸையும் ஆபிஸையும் சட்டவிரோதமாக ஆக்டிவேட் செய்ய "கேஎம்எஸ்பிகோ" என்ற கருவி பல வருஷமாகச் சுற்றி வருகிறது. அதன் பேரில் உலவிய ஒரு இன்ஸ்டாலருக்குள் "கிரிப்ட்பாட்" என்ற திருட்டு மென்பொருள் ஒளிந்திருந்ததை 2021 டிசம்பரில் ஒரு பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. பிரவுசரில் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளையும் கிரிப்டோ வாலட் விவரங்களையும் திருடுவதுதான் அதன் வேலை. நெட் பேங்கிங்கும் ஜிஎஸ்டி லாகினும் இருக்கிற அதே சிஸ்டத்தில் இது இருந்தால் என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

இரண்டாவது ஆபத்து, அப்டேட். கிராக் போயிடுமோ என்ற பயத்தில் பலர் அப்டேட்டையே நிறுத்தி வைக்கிறார்கள். 2017 மே 12-ஆம் தேதி உலகம் முழுக்கப் பரவிய "வானாக்ரை" தாக்குதல் நினைவிருக்கா? அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டுவிட்டது. அப்போது ஆதரவில் இருந்த விண்டோஸ் பதிப்புகளில் அந்த அப்டேட்டைப் போட்டவர்கள் தப்பினார்கள்.

500 ரூபாய்க்குக் கிடைக்கும் "ஒரிஜினல் கீ" ஒரிஜினலா?

ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்கு விண்டோஸ் கீ விற்கிறார்கள். போட்டால் வேலையும் செய்கிறது. அப்புறம் என்ன பிரச்சினை?

கீ வேலை செய்வது வேற, லைசென்ஸ் இருப்பது வேற. இப்படி வரும் கீகளில் பல, பெரிய நிறுவனங்களுக்கோ கல்வி நிறுவனங்களுக்கோ மொத்தமாகக் கொடுக்கப்பட்டவை. அதைத் துண்டு துண்டாக வெளியே விற்க அனுமதி கிடையாது. அளவுக்கு மீறிப் பயன்படுத்தப்பட்டது தெரிந்தால் மைக்ரோசாஃப்ட் அந்தக் கீயை முடக்கலாம்.

இன்னொரு வகை, கேஎம்எஸ் ஆக்டிவேஷன். இது நிறுவனத்தின் சொந்த சர்வரோடு தொடர்பு வைத்து இயங்கும் முறை. 180 நாளுக்குள் அந்த சர்வரோடு பேசி ஆக்டிவேஷனைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். உங்க கடையில் அப்படி ஒரு சர்வரே இல்லை. அப்புறம் உங்க சிஸ்டம் யாருடைய சர்வரோடு பேசிக்கிட்டு இருக்கு? இந்தக் கேள்வியை சிஸ்டம் போட்டுக் கொடுத்தவரிடம் கேளுங்க.

சட்டம் என்ன சொல்லுது?

காப்புரிமைச் சட்டம் 1957-இன் 63பி பிரிவு இதற்கென்றே இருக்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால், குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழில் லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் சிறைத் தண்டனை தராமல் விட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனா கடையில், ஆபிஸில் பயன்படுத்துபவர் அந்தச் சலுகையைக் கேட்பது கஷ்டம்.

சாஃப்ட்வேர் நிறுவனங்கள் வழக்கு போட்டால், நீதிமன்றம் கமிஷனரை நியமித்து அலுவலகத்துக்கே அனுப்பி, சிஸ்டங்களைச் சோதிக்கச் சொல்வதும் நடக்கிறது. டெல்லி உயர் நீதிமன்றத்தில் இப்படிப் பல உத்தரவுகள் வந்திருக்கின்றன.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துறவங்களுக்கு இன்னொரு விதியும் இருக்கு. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில் யார், எப்போது, எந்தப் பதிவை மாற்றினார் என்ற தடம் தானாகவே பதிவாக வேண்டும். அதை அணைத்து வைக்கவும் முடியக் கூடாது. ஆடிட்டர் தன் அறிக்கையில் இதைப் பற்றிச் சொல்லியே ஆகணும். பழைய கிராக் வெர்ஷனை வைத்துக்கொண்டு இந்த விதியைச் சமாளிக்க முடியாது. தனி உரிமையாளர் கடைகளுக்கும் கூட்டு நிறுவனங்களுக்கும் இந்த விதி பொருந்தாது.

ஹார்டுவேரில் போலி வருமா?

வரும். பெரிய இடங்களையே ஏமாற்றியிருக்கிறார்கள்.

அமெரிக்காவின் புளோரிடாவைச் சேர்ந்த ஒருவர், சீனாவிலும் ஹாங்காங்கிலும் இருந்து போலி சிஸ்கோ நெட்வொர்க் கருவிகளை வரவழைத்து, அமேசான், ஈபே கடைகள் மூலமாகவும் விற்று வந்தார். பழைய, மட்டமான கருவிகளுக்குப் போலி ஸ்டிக்கர், போலி பெட்டி போட்டுப் புதுசு மாதிரி மாற்றியிருந்தார்கள். அவை மருத்துவமனைகள், பள்ளிகள், அமெரிக்க ராணுவம் வரை போய்ச் சேர்ந்தன. 2024 மே மாதம் அவருக்கு ஆறரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் இன்னொரு விவகாரம் வெளியே வந்தது. புதுசு என்று விற்கப்பட்ட சீகேட் ஹார்டு டிஸ்குகளில் சில, ஏற்கெனவே பல ஆயிரம் மணி நேரம் ஓடியவை. ஓடிய நேரக் கணக்கை பூஜ்ஜியமாக்கி விற்றிருக்கிறார்கள். அந்தப் பழைய டிஸ்குகளை நாங்க விற்பனையாளர்களுக்கு அனுப்பவில்லை என்று சீகேட் விளக்கம் கொடுத்து விசாரணையும் தொடங்கியது. இடையில் எங்கேயோ கலந்திருக்கு.

சரி, நாம எப்படிக் கண்டுபிடிப்பது?

- பெட்டியில் இருக்கும் சீரியல் எண், கருவியில் இருக்கும் எண், பில்லில் எழுதியிருக்கும் எண் மூன்றும் ஒன்றாக இருக்கணும். சீரியல் எண் எழுதாத பில்லை வாங்காதீங்க.
- அந்த எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்க. நேற்று வாங்கிய "புது" லேப்டாப்புக்கு வாரண்டி ஒரு வருஷம் முன்னாடியே தொடங்கியிருந்தால், காரணம் கேளுங்க.
- லேப்டாப், சார்ஜர், மானிட்டர், பிரிண்டர் போன்றவற்றுக்கு இந்தியாவில் பிஐஎஸ் பதிவு கட்டாயம். "ஆர்" என்ற எழுத்தோடு தொடங்கும் பதிவு எண் பொருளின் மீது அச்சாகியிருக்கும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால், எந்த நிறுவனத்தின் எந்தப் பொருளுக்கு அது கொடுக்கப்பட்டது என்று தெரிந்துவிடும்.

சிசிடிவி கேமராவுக்கு ஏன் தனிக் கவனம்?

திருடனைப் பிடிக்க வைக்கிற கேமராவே திருடனுக்கு வழிவிடலாம். 2016-இல் "மிராய்" என்ற தீங்கு மென்பொருள், பேக்டரியில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்கள், டிவிஆர்கள், ரவுட்டர்களைப் பெருமளவில் பிடித்துத் தன் படையாக்கிக்கொண்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அந்தப் படையை வைத்து நடந்த தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உட்படப் பல தளங்கள் தடுமாறின.

இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல், விற்பனைக்கு வரும் சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறியிருக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. அதனால் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட "பாதி விலை" ஆஃபர் வந்தால் யோசிங்க. எந்தக் கேமரா வாங்கினாலும் மாட்டிய அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றுங்க. மாட்டிக் கொடுத்தவர் போனில் உங்க கேமரா ஓடுதா என்பதையும் பார்த்துடுங்க.

லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு?

பணம் கட்டி ஒரிஜினல் வாங்கியவர்களும் சறுக்குகிற இடம் இது. கணக்கு சாஃப்ட்வேரை ஆக்டிவேட் பண்ணும்போது டீலர் அவசரத்துக்குத் தன் இமெயிலையே போட்டுவிடுவார். அப்போதைக்கு ஒண்ணும் தெரியாது. நாளைக்கு அவர் கடையை மூடினாலோ, உங்களோடு மனஸ்தாபம் ஆனாலோ, சிஸ்டம் மாற்றும்போது லைசென்ஸை நகர்த்தும் சாவி அவர் கையில் இருக்கும்.

டேலி மாதிரியான சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட் கணக்கு, இணையதள முகவரி, கேமரா ஆப் என எதுவாக இருந்தாலும், முதன்மைக் கணக்கு உங்க நிறுவனத்தின் இமெயிலிலும் உங்க மொபைல் எண்ணிலும்தான் இருக்கணும். டீலருக்கு வேலை செய்யத் தேவையான அனுமதி மட்டும் போதும்.

டீலர் உண்மையிலேயே அங்கீகரிக்கப்பட்டவரா என்பதை அவர் விசிட்டிங் கார்டை வைத்து முடிவு பண்ண வேண்டாம். தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் இருக்கும் பார்ட்னர் பட்டியலில் அவர் கடை இருக்கிறதா பாருங்க. பணத்தைத் தனிநபர் எண்ணுக்கு அனுப்பாமல், பில்லில் இருக்கும் கடைப் பேரில் உள்ள கணக்குக்கு அனுப்புங்க.

சப்போர்ட் நம்பரை கூகுளில் தேடி, முதலில் வருவதற்கு போன் போடாதீங்க. போலி கஸ்டமர் கேர் நம்பர்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. பில்லிலோ சாஃப்ட்வேருக்குள்ளேயோ இருக்கும் எண்ணை மட்டும் பயன்படுத்துங்க.

நம்பகமான இடத்தில் வாங்கிட்டா கவலையே இல்லையா?

அப்படிச் சொல்ல முடியாது. 2017 ஜூன் 27-ஆம் தேதி உக்ரைனில் என்ன நடந்தது தெரியுமா? அங்கே பல நிறுவனங்கள் முறைப்படி வாங்கிப் பயன்படுத்திய "எம்.இ.டாக்" என்ற வரிக் கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் சர்வருக்குள் தாக்குபவர்கள் நுழைந்துவிட்டார்கள். அப்டேட் வழியாகவே "நாட்பெட்யா" பரவியது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க் 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் 10 நாளில் மறுபடியும் நிறுவ வேண்டியிருந்தது. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமம் நடத்தும் முனையம் வரை அந்தப் பாதிப்பு எட்டியது.

அப்போ ஒரிஜினல் வாங்கி என்ன பயன் என்று கேட்கலாம். ஒரிஜினலில் ஓட்டை வந்தால் அதை அடைக்க ஒரு நிறுவனம் இருக்கிறது, கேள்வி கேட்க ஒரு முகவரி இருக்கிறது. கிராக்கில் இரண்டுமே இல்லை. ஆனா இரண்டு நிலையிலும் உங்களைக் காப்பாற்றப் போவது பேக்கப். தினமும் ஒரு நகல் எடுத்து, அந்த டிஸ்கை சிஸ்டத்தில் இருந்து கழற்றி வையுங்க. மாட்டியே வைத்திருந்தால் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மாசம் ஒரு தடவை அந்த நகலைத் திறந்து பார்ப்பதும் முக்கியம்.

பட்ஜெட் இல்லைன்னா என்ன வழி?

குறைஞ்ச செலவுக்கு நேர்மையான வழிகள் இருக்கு.

- லெட்டர், கொட்டேஷன், கணக்கு ஷீட் மட்டும்தான் தேவைன்னா லிப்ரே ஆபிஸ் இலவசம். தொழிலுக்கும் பயன்படுத்தலாம். படத்துக்கு கிம்ப், டிசைனுக்கு இங்க்ஸ்கேப் இருக்கின்றன. அவற்றின் சொந்தத் தளத்தில் இருந்து மட்டும் இறக்குங்க.
- விண்டோஸ் 11 ஏறாத பழைய சிஸ்டத்தில் உபுண்டு மாதிரி லினக்ஸ் போடலாம். ஆனா உங்க கணக்கு சாஃப்ட்வேர் அதில் ஓடுமா என்று முதலில் கேட்டுக்கோங்க.
- மொத்தமாகக் கட்ட முடியாதுன்னா, மாத அல்லது வருஷச் சந்தா இருக்கிறதா பாருங்க.
- செகண்ட் ஹேண்ட் லேப்டாப் தப்பே இல்லை. பில், எழுத்தில் வாரண்டி, முறையான விண்டோஸ், 8-ஆம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸர் என்று நாலையும் கேட்டு வாங்குங்க.

ஏமாந்துட்டா எங்கே போறது?

பணம் பறிபோயிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்க. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, அந்தப் பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். பொருளிலோ சேவையிலோ பிரச்சினைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைன் தளத்தில் வாங்கியிருந்தால் அதன் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்க. 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தரணும் என்பது மின்வணிக விதி.

"தொழிலுக்கு வாங்கினதுக்கு நுகர்வோர் கோர்ட் வராது" என்று சிலர் பயமுறுத்துவார்கள். அது பாதிதான் உண்மை. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று 2019 சட்டம் சொல்கிறது. ஆனா சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தினால், அவர் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது. ஒரே சிஸ்டத்தை வைத்து ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்துகிறவர் தைரியமாகக் கேட்கலாம். கேட்க கையில் பில் இருக்கணும், அவ்வளவுதான்.

அடுத்த முறை யாராவது "குறைச்சு முடிச்சுத் தரேன்" என்று சொன்னால், பேரத்துக்கு முன்னாடி மூணே கேள்வி கேளுங்க. சீரியல் எண்ணோடு பில் தருவீங்களா? லைசென்ஸ் என் பேர்ல வருமா? நாளைக்குப் பிரச்சினைன்னா எந்த நம்பருக்கு, யாருக்குக் கூப்பிடணும்? மூணுக்கும் நேரான பதில் சொல்கிற கடையில், ரெண்டாயிரம் கூட ஆனாலும் வாங்கலாம்.